கொண்டைக் குருவிகளின் ஜன்னல்

பள்ளிக்கூட விடுமுறை வந்தால் கொட்டாஞ்சேனை மாடிவீட்டைப் பூட்டிக்கொண்டு சிலாபத்துப் பக்கமுள்ள எங்கள் தென்னங்காணிக்குப் புறப்பட்டுவிடுவோம். நானும் கணவரும் மகளும், மூடிபோட்ட கூடைக்குள் பூனையும். பஸ் நீர்கொழும்பைத் தாண்டும்வரை அது கத்தி ஊரைக் கூட்டும். டிசம்பரில் போனால் குளியலறை தவளைகளுக்குச் சொந்தம். ஓகஸ்டில் பப்பாளிப் பழம் அணில்களுக்கு. மிச்சம்தான் எங்களுக்கு.

அந்த ஏப்ரலில் கூடத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. போன மறுநாளே இரண்டு கொண்டைக் குருவிகள் ஜன்னலால் நுழைந்து தொங்குவிளக்கின் மேல் கூடு கட்டத் தொடங்கின. அதற்குப்பிறகு அந்த விளக்கை நாங்கள் போடவேயில்லை. குசினி வெளிச்சத்தில் சாப்பிட்டோம். பூனைக்கு அறைச்சிறை, மகள் காவல். நாங்கள் திரும்புவதற்கு இரண்டு நாள் இருக்கையில் மூன்று குஞ்சுகள் பொரித்தன.

"ஜன்னலைத் திறந்து விட்டுட்டுப் போவம் அப்பா" என்றாள் மகள்.

வீட்டுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது? "கள்ளனுக்கு வெத்திலை பாக்கு வைச்சுச் சொல்லி அனுப்பச் சொல்லுறியோ?" என்று குதித்தார்.

"தூக்கிக்கொண்டு போக உள்ளுக்கு என்ன கிடக்கு? ரெண்டு பாயும் ஒரு நெளிஞ்ச சட்டியும்" என்றேன் நான். அவருடைய பூட்டுப் பைத்தியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பின்னேரம் அரை மனதோடு சம்மதித்தார்.

புறப்படும் காலை வழக்கமான அமளி. பஸ் மாரவிலைக்கு வந்தபோது, "அம்மா, குஞ்சுகள் இப்ப சாப்பிட்டிருக்குமா?" என்று மகள் கேட்டாள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கடைசியாக வெளியே வந்தவள் நான்தான். கொட்டாஞ்சேனையில் தினமும் செய்கிற மாதிரியே கூடத்து ஜன்னலைச் சாத்தி, கொளுக்கியையும் மாட்டிவிட்டு வந்திருந்தேன்.

"நான் பூட்டிப்போட்டன்" என்றேன்.

அவர் பூட்டியிருந்தால் ஒரு வருடத்துக்கு வாயை மூடியிருக்க மாட்டேன். அவரோ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மல்லி, பஹினவா!" என்று, இறங்கவேணும் எனச் சிங்களத்தில் கண்டக்டருக்குக் குரல் கொடுத்தபடி பூனைக் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். ஓட்டோ பிடித்துத் திரும்பினோம். வழியெல்லாம் மகள் என் கையை விடவில்லை.

குருவிகள் இரண்டும் வெளியேதான் நின்றன. ஒன்றின் அலகில் பச்சைப் புழு. அது ஜன்னல் கண்ணாடியில் மோதுவதும் விலகுவதுமாக இருந்தது. உள்ளே சத்தமே இல்லை. கதவைத் திறந்து ஓடிப்போய்க் கொளுக்கியை எடுத்து ஜன்னலைத் தள்ளினேன். ஒதுங்கி நிற்பதற்குள் குருவி என் காதோரமாகப் பறந்து உள்ளே போய்விட்டது. கூட்டின் விளிம்பில் சிவந்த வாய்கள் திறந்தன. ஒன்று, இரண்டு. சற்றுப் பொறுத்து மூன்றாவதும். வெட்கமில்லாமல் அழுதேன்.

அதற்குள் கணவர் எங்கிருந்தோ ஒரு திருப்புளியைத் தேடி எடுத்து, அந்தக் கொளுக்கியையே கழற்றிவிட்டார். பிறகு பூனைக் கூடை கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து ஜன்னல் கதவை வெளித் தூணோடு இழுத்துக் கட்டினார்.

"இனி நீர் நினைச்சாலும் பூட்டேலாது" என்றார்.

கொட்டாஞ்சேனை வரும்வரை பூனை என் மடியில் இருந்து கத்தியது. கொளுக்கி அவருடைய சட்டைப் பையில் இருந்தது.