பரோட்டாக் கல்லும் பிரஷர் மாத்திரையும்

திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் வன்னியராஜின் கல் தெருவைப் பார்த்து இருந்தது. ஹோட்டலுக்குப் பெயர்ப்பலகை உண்டு, யாரும் படிப்பதில்லை. வாசலில் மாவை வீசிக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்துத்தான் ஜனம் உள்ளே நுழைந்தது. புளியங்குடியிலிருந்து எச்சில் மேசை துடைக்க வந்த மனிதர் அவர். பிறகு மாவு பிசைந்தார், பிறகு கல்லுக்கு ஏறினார். கல்லுக்கு ஏறிய பிறகுதான் தெருவில் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். அதற்கு முன்பு, மலையாளி தமிழனைக் கூப்பிடுகிற "ஏய் பாண்டி"தான். திருவனந்தபுரத்தில் ஒரு தமிழனுக்குக் கிடைக்கிற மரியாதை எப்போதும் ஏதாவது ஒரு சாமானோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இவருக்கு அது இரும்புக் கல்.

இதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவள் அவர் மனைவி உலகம்மாள். அதே தெருவில் ஒரு பருப்பு மொத்தக் கடையில் கல் பொறுக்கிப் புடைக்கிற வேலை அவளுக்கு. கல்யாணமான புதிதில் முறத்தை வைத்துவிட்டு, அவர் மாவு வீசுவதைப் பார்க்கவே ஒரு சாக்குச் சொல்லி ஹோட்டல் பக்கம் போய் வருவாள். அவர் அவளைக் கண்டுகொள்ளாத மாதிரி இன்னும் பெரிதாக வீசுவார்.

சாலைக் கடைத்தெருத் தொழிலாளர்களுக்கு ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். டாக்டர் ராஜஸ்ரீ அவர் கையில் பட்டையைச் சுற்றி அளவு பார்த்தார், சந்தேகப்பட்டு மறுபடியும் சுற்றினார். தலைவலி உண்டா என்று கேட்டார். அது அடுப்புச் சூடு என்றார் வன்னியராஜ். மறுவாரமே ஹெல்த் சென்டருக்கு வரச் சொல்லி, ஆம்லோடிபின் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்தார்.

அந்த டாக்டர் பொறுமைசாலி. சீட்டை நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிற ரகம் இல்லை. பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக விளக்கினார். ரத்தக்குழாய் வெறும் ரப்பர் டியூப் இல்லை, அதன் சுவரில் தசை இருக்கிறது. அந்தத் தசை இறுக வேண்டுமானால் கால்சியம் அதற்குள் நுழைய வேண்டும். அது நுழைவதற்கென்று தசையில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. பிரஷர்காரருக்கு அந்த வாசல் வழியாகக் கால்சியம் அளவுக்கு மீறி நுழைகிறது, தசை இறுகிக்கொண்டே இருக்கிறது, குழாய் சுருங்குகிறது, சுருங்கின குழாயில் ரத்தத்தைத் தள்ள நெஞ்சு மல்லுக்கட்டுகிறது. இந்த மாத்திரை வாசலைக் கொஞ்சம் சாத்தி வைக்கும், குழாய் தளரும், அவ்வளவுதான்.

"அப்ப பாலு, நெத்திலி எல்லாம் விடணுமா டாக்டரே?" என்று கேட்டார் வன்னியராஜ்.

"அய்யோ, அது வேற சேட்டா. நல்லா தின்னோ. உப்பைக் கொறைச்சா மதி, போதும்," என்று சிரித்தார் டாக்டர்.

மாத்திரை வேலை செய்தது. தலைவலி போனது. ஆனால் கால் வீங்கியது. காலையில் எலும்பு தெரிகிற கணுக்கால், மதியத்துக்கெல்லாம் உப்பிப் பளபளக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். செருப்பு நுழையாது. கல்லுக்குப் பின்னால் வெறுங்காலோடு நின்றார். இரண்டாவது மாஸ்டர் செல்வமணி, செருப்பை விற்றுவிட்டுச் சாக்குப் பையைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கேலி செய்தான். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள், வன்னியராஜும் சிரித்தார்.

முதலாளி பிச்சைக்கனி அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"வாரவன் ஒன் கையையா பாப்பான்? காலைப் பாப்பான்டே. மந்துன்னு நெனச்சாம்னா படியேற மாட்டான்."

மந்து என்றால் இந்த ஊரில் யானைக்கால். வன்னியராஜ் அன்றோடு மாத்திரையை நிறுத்தினார்.

நிறுத்தினது உலகம்மாளுக்கு ரொம்ப நாள் தெரியாது. செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் அளவு நல்லபடியாக இருந்தது. நர்ஸ் ஆதிரா பாராட்டுவாள், டாக்டர் அதே மாத்திரையை எழுதுவார். செக்கப்பு நாள் நெருங்கினால் மட்டும் இவர் கைலியை மடித்துக் கட்டாமல் கணுக்கால் வரை இறக்கிவிட்டு வேலைக்குப் போவதை அவள் கவனித்தாள். அரிசிப் பானைக்குப் பின்னால் பிரிக்காத மாத்திரை அட்டைகள் கிடந்ததையும் கண்டாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்துக் கேட்டாள்.

அவர் மறைக்கவில்லை. ஒரு சாமர்த்தியத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"செக்கப்புக்கு முந்தி ஒரு வாரம் போடுவேன். அளவு அடங்கி நிக்கும். டாக்டருக்குச் சந்தோசம், அண்ணாச்சிக்கும் சந்தோசம்."

"ஒங்களுக்கு?"

"எனக்குக் கல்லு இருக்குல்லட்டி."

அவள் அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், சோற்றில் மாத்திரையைப் பொடித்துப் போட்டுவிடுவேன் என்று மிரட்டியும் பார்த்தாள். உட்கார்ந்து வேலை பார்க்கக் கூடாதா என்று கேட்டாள். கேரளத்தில் கடைத் தொழிலாளி உட்காரலாம் என்று சட்டமே இருக்கிறது, நல்ல சட்டம். பரோட்டாக் கல் முன்னால் உட்கார்ந்தால் கை எட்டாது, மாவு வீச்சும் வராது. சட்டம் எழுதினவர்கள் பரோட்டா வீசிப் பார்த்தவர்கள் இல்லை.

ஒரு மத்தியானம் அவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சோறு இருக்கிற இடம் தெரியாமல் பக்கத்துத் தரையில் கையால் துழாவினார். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரிச் சாப்பிட்டார். உலகம்மாளும் ஒன்றும் பார்க்காத மாதிரி ரசம் ஊற்றினாள்.

அடுத்த செக்கப்புக்கு அவளும் கூடப் போனாள். அளவு வழக்கம்போல் நன்றாக இருந்தது. டாக்டர் சீட்டு எழுதப் பேனாவைத் திறந்தார்.

"டாக்டரே, அது பொய்யி," என்றாள் உலகம்மாள். "இவிய மாத்திரை போடுததில்ல. இங்க வாரதுக்கு மட்டுந்தான் போடுதாவ. இப்பக் கண்ணும் தெரியல. காப்பாத்துங்க."

வன்னியராஜ் தரையைப் பார்த்தார். ஊர்க்கூட்டத்தில் பிடிபட்டவன் நிற்கிற மாதிரி இருந்தது அவருக்கு. டாக்டர் ஏசவில்லை. கண்ணைச் சோதிக்க அனுப்பினார். கண்ணின் பின்புறத்தில் நூல்போன்ற குழாய்கள் இறுகிக் கிடந்தன, ஓர் இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. மாத்திரையை விட்டால் வாசல் மறுபடி திறந்துகொள்ளும், தசை மறுபடி இறுகும் என்றார் டாக்டர். உழைக்கிற தசை தடிக்கும். மாவு வீசுகிறவன் கையில் தடிக்கிற மாதிரிக் குழாயின் சுவரிலும் தடிக்கும். தடித்துப்போன பிறகு வாசலைச் சாத்தினாலும் குழாய் பழையபடி விரியாது.

கால் வீங்குவதற்கும் காரணம் சொன்னார். இந்த மாத்திரை ரத்தம் வருகிற குழாயை நன்றாகத் தளர்த்தும், திரும்பிப் போகிற குழாயை அந்த அளவு தளர்த்தாது. வரத்து கூடும், போக்கு அப்படியே நிற்கும். நடுவில் நீர் கசியும். பகல் முழுக்கச் சூட்டில் நிற்கிறவனுக்கு அது காலில்தான் இறங்கும். போகிற குழாயையும் தளர்த்த எனலாப்ரில் என்று இன்னொன்று சேர்த்தார். பழையதைப் பாதியாக்கினார். சிலருக்கு இருமல் வரும், வந்தால் உடனே வந்து சொல்லுங்கள் என்றார். கூடுமானால் நிற்கிற வேலையைக் குறைக்கவும் சொன்னார்.

கால் வற்றியது. பிரஷர் உண்மையாகவே இறங்கியது. உலகம்மாள் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

அப்புறம் இருமல் வந்தது. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, தொண்டைக்குள் இறகு விட்டு ஆட்டுகிற மாதிரி வறட்டு இருமல். தெருவைப் பார்த்த கல், அதன் முன்னால் இருமுகிற மாஸ்டர். கொரோனாவைப் பார்த்துவிட்ட ஜனம் இருமலைக் கேட்டால் ஓரடி பின்னால் போகும். வந்த குடும்பம் எதிர்க்கடைக்குத் திரும்புவதை அண்ணாச்சி கல்லாவிலிருந்து பார்த்தார். மறுநாளே வன்னியராஜை உள்ளே மாவு பிசையப் போட்டு, செல்வமணியைக் கல்லுக்கு ஏற்றினார். இருமல் நிற்கிற வரைக்கும்தான் என்று சொன்னார்.

டாக்டர் உடனே மாத்திரையை மாற்றினார். ஆனாலும் அந்த இருமல் சொன்னதும் போகிற ஜாதி இல்லை. வாரக்கணக்கில் இழுத்து, பிறகுதான் நின்றது. நின்ற அன்று வன்னியராஜ் சவரம் செய்து, புதுப் பனியன் போட்டுக்கொண்டு போனார். மாலையில் அதே பனியனில் மாவு அப்பிக்கொண்டு வந்தார். கல்லில் செல்வமணிக்குக் கை பழகிவிட்டதாம், அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

உலகம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் சொல்லாமல் ஹோட்டலுக்குப் போய்க் கல்லா முன்னால் நின்றாள். அண்ணாச்சி மரியாதையாக டீ வரவழைத்தார், உட்காரச் சொன்னார்.

"அவனுக்கு நல்லதுதான தாயி? உள்ள சூடு கெடையாது, உக்காந்து செய்யலாம். டாக்டரம்மாவே நிக்கக்கூடாதுன்னுட்டாங்கல்லா. நீதான அவங்ககிட்டப் போயிச் சொன்ன?"

அவள் டீயைக் குடிக்காமல் வந்தாள்.

வன்னியராஜ் இப்போது தினமும் மாத்திரை போடுகிறார், யாரும் சொல்ல வேண்டியதில்லை. கால் ஒட்டிக் கிடக்கிறது, கண் தெளிந்துவிட்டது, ஆதிரா மெய்யாகவே பாராட்டுகிறாள். வீட்டில் பேச்சுத்தான் கிடையாது. ஒரு நாள் காலையில் தண்ணீரை நீட்டியபடி உலகம்மாள் கேட்டாள்.

"என்னைய ரெண்டு ஏச்சு ஏசிருங்க. இப்படி இருக்காதீங்க."

"எதுக்கு ஏசணும்? பிரஷரு நல்லாத்தான இருக்கு," என்று சொல்லிவிட்டு விழுங்கினார்.

வேலைக்குப் பின்சந்து வழியாகப் போகிறார், அங்கேயே நுழைந்து அங்கேயே வெளியேறுகிறார். உலகம்மாளின் பருப்புக் கடைக்குச் சந்து கிடையாது. பெரிய தெருவில்தான் நடக்க வேண்டும், அந்தக் கல்லைத் தாண்டித்தான் போக வேண்டும். செல்வமணி மாவை வீசியபடியே, சாப்பிட்டாச்சா மதினி என்று கேட்கிறான். நல்ல வீச்சுதான், குறை சொல்ல முடியாது. ஆச்சு என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.