இடைவேளை வரை விழித்திருந்தவர்

இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும் விமர்சகருக்குக் கண் சொக்கிவிடும். ஏசிக் குளிரும் பாப்கார்னும் சேர்ந்து செய்கிற வேலை என்பார். நல்ல படம், மோசமான படம் என்ற பாகுபாடு அந்தத் தூக்கத்துக்குக் கிடையாது. அந்த வகையில் அவரைப் போல நடுநிலை தவறாத விமர்சகர் யாருமில்லை.

ஆனாலும் இத்தனை வருஷத்தில் ஒரு படத்தின் முடிவைக்கூட அவர் தப்பாக எழுதியதாகப் புகார் வந்ததில்லை. பக்கத்து இருக்கையில் மனைவி இருந்தாளே! வீடு திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, இரண்டாம் பாதியை ஒன்று விடாமல் அவர் காதில் ஓதிவிடுவாள்.

வருஷக் கடைசியில் அவர் தேர்ந்தெடுக்கும் பத்துப் படங்களின் பட்டியல் பத்திரிகையில் வரும். அதற்காகவே காத்திருந்து சண்டைக்கு வருகிற வாசகர்கள் உண்டு. இந்த முறை முதலிடத்துக்கு அவர் யோசிக்கவே இல்லை. அடுக்குமாடிக் கட்டட முதலாளியைப் பழிவாங்கக் கிளம்பும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் கதை அது. கடைசியில் முதலாளி பாதி வழியில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்கிறார். கூரைமேல் கருவியோடு மெக்கானிக். கம்பியை வெட்டிவிடுவானோ என்று நாம் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க, அவன் பழுதைச் சரிசெய்துவிட்டு இறங்கி வந்து, "எந்த மாடி சார்?" என்று கேட்கிறான். அவ்வளவுதான் படம். அந்த ஒரு கேள்விக்காக விமர்சகர் அரைப் பக்கம் உருகியிருந்தார். தியேட்டரிலிருந்து படத்தைச் சீக்கிரமே தூக்கிவிட்டதால், விமர்சனத்தைப் படித்தவர்கள்தான் அதிகம்.

பட்டியல் வெளியான அன்று பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை வாசகர்களுக்குப் போட்டுக் காட்டப் போகிறார்களாம். தியேட்டர் பேசியாகிவிட்டது, விமர்சகரும் வந்து பேச வேண்டுமாம். தலைகால் புரியாத சந்தோஷத்தோடு சமையலறைக்கு ஓடினார். மனைவி நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்தப் படத்துல இடைவேளைக்கு அப்புறம் நான் உள்ளேயே வரலை."

அக்கா போனில் கூப்பிட்டாளாம். தியேட்டர் வராந்தாவில், வாடகை வீட்டில் ஆரம்பித்த பேச்சு மாமியாரின் முழங்காலுக்கு வந்து சேர்வதற்குள் ஜனம் வெளியே வந்துவிட்டது. ஸ்கூட்டரில் அவர் வழக்கம்போல "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்க, தோன்றியதைச் சொல்லி வைத்தாளாம்.

"முழுசா பார்த்தேன்னு சொன்னியே."

"நீங்களுந்தான் முழுசா பார்த்த மாதிரி எழுதினீங்க."

விசாரணை அத்தோடு முடிந்தது. படத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ள முடியுமா என்று ஆசிரியரை நைசாகக் கேட்டுப் பார்த்தார். போஸ்டரே ஒட்டியாகிவிட்டதாம். சேர்த்து வைத்த பேரெல்லாம் ஒரே சாயங்காலத்தில் சந்தி சிரிக்கப் போகிறது.

ஞாயிறன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. இடைவேளை விளக்கு எரிந்ததும் விமர்சகர் மைக்கை வாங்கினார். இந்தப் படத்தைத் தான் இடைவேளை வரைதான் பார்த்திருப்பதாகச் சொன்னார். எந்தப் படத்தையும் அப்படித்தான் என்றார்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"அப்போ அந்த லிஃப்ட் சீன் யாரு சொன்னது?"

விமர்சகர் முன்வரிசையைக் கைகாட்டினார். மனைவி கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். கூட்டம் விடவில்லை. அவளே வந்து முடிவைச் சொல்ல வேண்டியதாயிற்று. பாப்கார்ன் விற்பவர்கூடத் தட்டோடு நின்று கேட்டார். "எந்த மாடி சார்?" என்று அவள் முடித்தபோது எழுந்த கைதட்டல் அடங்கவே நேரமானது.

பிறகு நிஜமான இரண்டாம் பாதி ஓடியது. பெட்ரோல், நெருப்பு, காற்றில் பறக்கும் அடியாட்கள். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. விமர்சகருக்கு அது கேட்கவில்லை, தூங்கிவிட்டார்.

ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் வாசகர் ஒருவர் வழிமறித்தார். வசமாக மாட்டினோம் என்று விமர்சகர் ஹெல்மெட்டை அவசரமாகத் தலையில் கவிழ்த்தார்.

"சார், மிச்ச ஒம்பது படத்தையும் அம்மா உட்கார்ந்து பார்த்தாங்கதானே?"

"பார்த்தேங்க" என்றாள் மனைவி.

"அப்போ பட்டியலை நம்பலாம்."

வண்டி கிளம்பியது. திருப்பம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தவர், அதற்குமேல் முடியாமல் கேட்டுவிட்டார்.

"சரி, அப்புறம் என்ன ஆச்சு?"

அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அது எதுக்குங்க? நான் சொன்னதையே வெச்சுக்குங்க."