வெளித்தோளுக்கு நேராக

என் தம்பி லின்டெல் எங்கள் பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் கார்னர்களுக்குக் கோச். பந்து பிடிக்க ஓடுகிறவனை மைதானத்தின் ஓரத்தில் மறிப்பவர்கள்தான் கார்னர்கள். "கண்ணு பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும். இடுப்பைப் பாருங்கடா, அது சொல்லாது" என்பான். ஓடுகிறவனின் உள்தோளுக்கு நேரே நின்றால் மைதானத்தின் நடுப்பக்கம் அடைபடும். வெளித்தோளுக்கு நேரே நின்றால் ஓரக்கோட்டுப் பக்கம் அடைபடும். அரை அடி பிசகினாலும் விசில் ஊதி நிறுத்திவிடுவான். கிழக்கு டெக்சஸில் இந்த வேலைக்கு இவனை மிஞ்ச ஆள் இல்லை. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. நான் வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறையின் பின்வாசல் மைதானத்தைப் பார்த்தபடி இருக்கிறது, தினமும் பார்க்கிறேன்.

அவன் மகன் டேவியன் இந்த வருடம் பந்து பிடிக்கிற பக்கம் போய்விட்டான். அங்கே கோச் புதிதாக வந்த ரடக். அதிலிருந்து சாப்பாட்டு மேஜையில் "கோச் ரடக் சொன்னாரு" இல்லாமல் ஒரு வாய் சோளரொட்டி இறங்குவதில்லை. ரடக்கைப் போலவே தொப்பி, ரடக்கைப் போலவே நடை. லின்டெல் டீயில் கிடக்கும் ஐஸ் கட்டியை எடுத்துக் கடிப்பான். பெற்றவனுக்கே அப்படியென்றால், அத்தை எனக்கு எரியாதா?

ஒரு திங்கட்கிழமை பயிற்சியில் ஜெரோடு என்ற கார்னர் டேவியனுக்குப் போகிற பந்தையெல்லாம் தட்டிவிட்டான். செவ்வாயும் அதே கதை. தண்ணீர் குடிக்க வந்த தம்பியைப் பிடித்தேன்.

"என்னடா, பெத்த பிள்ளையையே கொல்றே?"

"அவன் பின்னங்கால் குதிகாலைப் பாருக்கா. கோட்டுப் பக்கம் திரும்பப் போறான்னா தரையில ஒட்டிக்குது. ஊருக்கே தண்டோரா போடறான். ஜெரோடை வெளித்தோளுக்கு நேரா நிக்கச் சொன்னேன், அவ்வளவுதான்."

"அதை அவன்கிட்ட சொல்லேன்."

"அவனுக்குத்தான் பெரிய கோச் இருக்காரே. கண்டுபிடிக்கட்டும்."

பெரிய கோச் கண்டுபிடிக்கவில்லை. புதன்கிழமை, வெள்ளி ஆட்டத்தில் டேவியன் பெஞ்சில்தான் என்று சொல்லிவிட்டார். பையன் முகத்தை ஹெல்மெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு போனான். தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. தானே சொன்னால் ஜெரோடுக்குச் சொன்னதும் வெளியே வந்துவிடும் என்று பயந்து, ரடக்கின் காதில் குதிகால் விஷயத்தைப் போட்டுவிட்டு வந்தான்.

வியாழன் இரவுச் சாப்பாட்டில் டேவியன் துள்ளினான். "அத்தை, கோச் ரடக் கண்ணு கழுகுக் கண்ணு! என் குதிகாலைக் கண்டுபிடிச்சிட்டாரு. இன்னிக்கு ஜெரோடால ஒண்ணுகூடத் தொட முடியல. நாளைக்கு நான் ஆடறேன்!"

தம்பி மேஜைக்கடியில் என் காலை மிதித்தான். என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"கழுகாம் கழுகு! கண்டுபிடிச்சது உங்கப்பன்டா."

பையன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அப்போ ஜெரோடுக்கும் நீங்கதான் சொன்னீங்களா, அப்பா?"

"ஆமா."

"எனக்கு ஏன் சொல்லல?"

தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ எப்பப் பாரு அந்தாளைப் பத்தியே பேசறே."

டேவியன் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டான்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் டேவியன் கோட்டோரமாகத் திரும்பி, பந்தைப் பிடித்து, கடைசிக் கோட்டைத் தாண்டினான். ஊரே எழுந்து நின்றது. ரடக் அவன் கையில் தட்டுவதற்காக உள்ளங்கையை உயர்த்திக்கொண்டு காத்திருந்தார். பையன் அவரைத் தாண்டி, தன் கார்னர்களைக் களத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் வந்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"இப்ப என்கிட்ட என்ன தெரிஞ்சுது?" குரலில் கோபம் இருந்தது.

"குதிகால் சரி. ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி இடது கையுறையை இழுத்துவிடறே."

"இதை எப்பலேர்ந்து பாக்கறீங்க?"

"இப்பத்தான்டா. சத்தியமா."

டேவியன் கையுறையைக் கழற்றி இறுக்கமாகப் போட்டுக்கொண்டான். அப்பா பக்கத்திலேயே நின்று தண்ணீர் குடித்தான். ரடக்கின் கை மெதுவாக இறங்கி, தொப்பியைச் சரிசெய்வது போலப் பாவனை செய்தது. பாவம் என்று நினைக்க முயன்றேன், வரவில்லை.