அழைப்புச் சோதனையில் அவன் குரல்

திருப்பதியில் ஒரு மாடியில் எங்கள் சோதனைக்கூடம் இருக்கிறது. மொபைலுக்குப் புது இயங்குதளம் வந்தால், மக்கள் கைக்குப் போகும் முன் அதைப் பாடாய்ப் படுத்துவது எங்கள் வேலை. மெமரியை நிரப்புவோம், சார்ஜை வற்ற விடுவோம். எங்கே தொங்குகிறது, எங்கே தானாக அணைகிறது என்று பார்ப்போம்.

நீண்ட அழைப்புச் சோதனைக்கு ஒரு மனிதக் குரல் தேவை. ஒரு போன் பேசிக்கொண்டே இருக்க, மறுமுனையில் அது உடையாமல் கேட்க வேண்டும். அதற்காக என் அறைத்தோழன் விளையாட்டாகப் பேசிப் பதிவு செய்தான். அவன் நகரிக்காரன், நான் சித்தூர்.

"அலோ, நான்தான் பேசறேன். கேக்குதா? நல்லா கீறேன். நீங்க துன்னீங்களா?"

போன மழைக்காலத்தில் அவனுக்கு டெங்கு வந்தது. வேலூருக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

அவனுடைய பையை வாங்கிப்போக அவன் அப்பா வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் காது மந்தமானதால் உரக்கத்தான் பேசுவார். அவன் குரலில் சோதனை ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்த எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு மேசையருகே போய்க் காதைச் சாய்த்தார்.

"கேக்குது நைனா. துன்னேன். நீ சொல்லு."

எங்கள் பக்கம் அப்பாவும் நைனாதான், மகனும் நைனாதான். போன் மறுபடி முதலிலிருந்து பேசியது. அவரும் மறுபடி பதில் சொன்னார். இந்த முறை அவர் குரல் உடைந்துவிட்டது.

எங்கள் டீம் லீடர் அதை நிறுத்தப் போனார். "கொஞ்ச நேரம் வுடும்மா" என்றார் பெரியவர். அவர் உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டோம்.

"உங்க போன்ல ஏத்தித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்பா. அவங்கம்மா இப்பத்தான் ரெண்டு வாய் துன்றா. இத்த கேட்டான்னா மறுபடி படுத்துடுவா."

பேருந்தில் ஏற்றிவிடும்போது ஒன்றுதான் கேட்டார்: "அத்த அழிச்சிட மாட்டீங்களே?"

"மாட்டோம்" என்றேன்.

இப்போதும் சேலைக் கட்டு இறக்கத் திருப்பதி வரும்போதெல்லாம் எங்கள் மாடிக்கு ஏறி வருகிறார். புது வெர்ஷன் எதுவும் வராத நாளிலும் அவருக்காக அழைப்பை ஓடவிடுகிறோம். கிளம்பும்போது குழாயடியில் முகம் கழுவி, துண்டால் அழுத்தித் துடைத்துக்கொள்வார். அழுத முகத்தோடு போனால் வீட்டில் மனைவி கண்டுபிடித்துவிடுவாளாம்.