மாமா வண்டியின் ஸ்டியரிங் ராடு

வண்டியின் அமைப்பை மாற்ற விரும்புகிறவர் பதிவு அதிகாரிக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும். ஏழு நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் அந்நாளைய விதி இது. அலுவலகத்தின் மௌனத்துக்கு இவ்வளவு மரியாதை தந்த இன்னொரு விதியை என் சர்வீஸ் முழுவதிலும் நான் பார்த்ததில்லை.

அதை நம்பித்தான் மாமா தன் டீசல் பிக்கப்பை உயர்த்தினார். மட்டாஞ்சேரியிலிருந்து மலைமேல் இருக்கும் அடிமாலிக்கு மளிகை ஏற்றிப் போய் மிளகோடு திரும்பும் வண்டி. மலைச் சேற்றில் அடி தட்டுகிறதென்று ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி அரைச்சாண் தூக்கினார். ஏழு நாள் பதில் இல்லை, ஆகவே அனுமதி. ஸ்டியரிங்தான் சம்மதிக்கவில்லை. பள்ளத்தில் இறங்கினால் வண்டி தானாக ஒரு பக்கம் ஒதுங்கியது. பாடி மேலே போய்விட்டது, அச்சு கீழேயே நிற்கிறது, இடையிலுள்ள ராடு சரிந்துவிட்டது என்றார் பட்டறை மேஸ்திரி. கனமான ராடுகளும் புது பால் ஜாயிண்டுகளும் போட வேண்டும்.

என்னைப் பெற்ற அத்தா அரசாங்கத்தில் தலைமைக் குமாஸ்தா. அதுவும் மாற்றம்தான், புதிதாக அறிவித்துவிட்டு ஏழு நாள் காத்திரு என்றார். ஆக, கோணல் ஸ்டியரிங் சட்டப்படி செல்லும். நேரான ஸ்டியரிங்குக்குத்தான் அனுமதி இல்லை.

மாமாவுக்கு மூன்றாம் நாளே மலையில் லோடு. "மெல்லப் போனாப் போதும் மச்சான். நான் என்ன ஏரோப்ளேனா ஓட்டறேன்?"

அத்தாவின் முன் வாய் திறக்காத மாமி கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "அண்ணே, மாத்தத்தானே கூடாது? கழட்டி வைக்கலாமா?"

அத்தா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "கழட்டுறதுக்கு விதி ஒண்ணும் இல்ல."

மறுநாள் மாமா தொழுகைக்குப் போன நேரத்தில் மாமி என்னையும் கூட்டிக்கொண்டு வண்டி நின்ற ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தாள். ராடைக் கழற்றச் சொன்னாள்.

"இக்காவா சொன்னது?" என்று மாமாவைக் குறித்துக் கேட்டார் மேஸ்திரி.

"அவருதான்" என்றாள் மாமி, கூசாமல்.

கழற்றிய ராடின் முனையை மேஸ்திரி ஆட்டிக் காட்டினார். "பாத்தோ இத்தா? கிலுகிலுப்ப மாதிரி. மலையில ரெண்டு வளைவு தாண்டாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாங்கி நானும் ஆட்டினேன். மாமி அங்கே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். வெயில் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

லோடு வேறொருவர் வண்டியில் போயிற்று. "சட்டம் பேசுற வீட்டுல அக்காவக் குடுத்தது எங்க தப்பு" என்று மாமா நாலு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். அறிவிப்பு அனுப்பி ஏழு நாள் முடிந்ததும் புது ராடுகள் ஏறின. வண்டி நேராக ஓடியது. மாமிக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. மௌனமே அனுமதி என்று அத்தா எத்தனை முறை விளக்கியும், "கடுதாசி வந்துச்சா அண்ணே?" என்றே கேட்பாள். மாமா மலைக்குப் போன நாட்களில் வண்டி திரும்பும்வரை சாப்பிட மாட்டாள்.

பல மாதம் கழித்து ஒரு பழுப்பு உறை வந்தது. மாமா அன்று மலையில். அத்தா படித்தார், நிதானமாக மடித்தார், "அனுமதி குடுத்துட்டாங்க" என்றார். மாமி யாருக்கும் காத்திராமல் தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட்டாள். அப்படிப்பட்ட நல்ல கடிதத்தை எல்லாருக்கும் காட்டாமல் அத்தா ஏன் பீரோவில் வைத்துப் பூட்டினார் என்று எனக்கு விளங்கவில்லை.

அவர் காலமான பிறகு எடுத்துப் படித்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, பழைய ராடையே பொருத்தி வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டும். ஓரத்தில் அத்தாவின் கையெழுத்தில் ஒரே குறிப்பு: கிடைத்தது, ஓணம் விடுமுறைக்கு முந்தின நாள், ஏழு நாள் கெடு தாண்டி.