பஸ் கூரையில் கிடந்த சைலன்சர்

எந்த வண்டி எந்தத் தடத்தில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, எது வழியில் பழுதாகிக் கிடக்கிறது என்று பஸ் நிலையத்தில் ஊருக்கே அறிவிப்பதுதான் மைக் அக்காவின் வேலை. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசையும் நாற்காலியும் போட்டதும் நிறைந்துபோன அறை. வருஷக்கணக்காக அந்த அறையிலிருந்து வரும் குரலைக் கேட்டுத்தான் ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அவளை அடையாளம் தெரியாது. ஆனால் காய்கறிக் கடையில் "வெங்காயம் அரை கிலோ" என்று அவள் வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் நிற்பவர் தன்னையறியாமல் பையைக் கையில் எடுத்துக்கொள்வார்.

அவளுக்கு விமானப் பைத்தியம் பிடித்ததும் அந்த அறையில்தான். ஒரு தடவை யாரோ ஒரு நீளப் பெட்டியை பெஞ்சில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே மெல்லிய மரத்தில் செய்த இறக்கைகள், உள்ளங்கையில் அடங்கும் ஓர் எஞ்சின், தரையிலிருந்து ஓட்டுவதற்கு ஒரு ரிமோட். அக்கா மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். யாரும் வரவில்லை. வெகுநாள் கழித்து, தவறிய பொருள்கள் கிடந்த அறையைக் காலி செய்தபோது மேலாளர் சொன்னார்: "தொண்டை கிழியக் கத்தினது நீங்கதானேம்மா. நீங்களே எடுத்துட்டுப் போங்க."

எடுத்துப் போனாள். ஒட்டினாள், பறக்கவிட்டாள், உடைத்தாள், மறுபடி ஒட்டினாள்.

அவள் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதற்குள் கதவு கழன்ற ஃபிரிட்ஜுகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். செத்துப்போன பெட்டியும் அவர் கை பட்டால் குளிர ஆரம்பித்துவிடும் என்று ஊரில் பேச்சு. ஆனால் மனைவியின் விமானத்தில் ஒரு திருகாணி கழன்று விழுந்தாலும் அவர் குனிந்து எடுக்க மாட்டார். காரணம் உண்டு. அக்கா ஓட்டப் பழகிய நாளில் விமானம் நேராக வந்து அவருடைய வழுக்கைத் தலையில் இறங்கியது. காயம் என்னவோ கடுகளவுதான், ரோஷம்தான் மலையளவு. "இனிமே உன் ஏரோபிளேனை இந்தக் கையால தொட்டேன்னா பாரு!" என்று அன்றைக்கு அவர் சொன்னதுதான்.

பஸ் பணிமனைக்குப் பின்னால் ஒரு திறந்தவெளி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பறக்கவிட்டுக்கொள்ளலாம் என்று அக்காவுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: சத்தம் கூடாது. இரவு வண்டி ஓட்டிவிட்டு வந்த டிரைவர்கள் பக்கத்து ஓய்வறையில் தூங்குவார்கள். அக்காவின் எஞ்சினில் சைலன்சர் இருந்ததால் தொல்லை இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அக்கா விமானத்தை ஒரு பெரிய வட்டம் அடிக்கவைத்து, பணிமனைக் கூரைகளுக்கு மேலே திருப்பினாள். 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அதுவரை முனகிக்கொண்டிருந்த எஞ்சின் காதைப் பிளக்கும்படி அலற ஆரம்பித்தது. ஓய்வறைக் கதவு திறந்து டிரைவர்கள் பனியனோடு வெளியே ஓடிவந்தார்கள். அவர்களில் மீசைக்காரர் ஒருவர். மீசை டிரைவர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவர் ஆகாயத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். "அக்கா! ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிட்டு இப்பத்தான் கண்ணசந்தோம். மேல என்னத்தைப் போட்டு அரைக்கிறீங்க?"

அக்கா ரிமோட்டை இறுகப் பிடித்தாள். எஞ்சின் இருமியது, நின்றது. மூச்சுப் போன விமானத்தைச் சறுக்கியே கொண்டுவந்து புல்லில் இறக்கிவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். எஞ்சினோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்த சைலன்சரின் கழுத்து மட்டும் பத்திரமாக இருந்தது. அதற்கு மேல் சைலன்சரைக் காணோம். கழுத்தோடு முறிந்து எங்கோ விழுந்திருக்கிறது. சைலன்சரிலிருந்து எரிபொருள் டேங்குக்குப் போகும் ரப்பர் குழாயையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போனதால்தான் எஞ்சின் நின்றிருக்கிறது. வெயில் ஏறும்வரை புல்லை விலக்கி விலக்கித் தேடினாள். கிடைக்கவில்லை. அது பழைய எஞ்சின். செய்தவர்கள் செய்வதையே விட்டுவிட்டார்கள். வேறெதன் சைலன்சரும் அதற்குப் பொருந்தாது.

மறுநாள் வேலைக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி கிடைத்தது. மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நேற்றுக் காலை பணிமனைக்குப் பின்புறம் வானத்திலிருந்து ஒரு சைலன்சர் விழுந்துவிட்டது. அலுமினியத்தால் ஆனது. தீப்பெட்டியைவிடச் சற்று நீளமானது. கண்டெடுத்தவர்கள் அறிவிப்பு அறையில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

 நிலையத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று குடையை விரித்துக்கொண்டார். மேலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்னம்மா இது? வானத்துலேர்ந்து விழுந்துதா? பிளேன் எதுவும் வெடிச்சுட்டுதான்னு ஆளுங்க வந்து கேக்கறாங்க!"

"தொலைஞ்ச பொருளைச் சொல்றதுதானே சார் என் வேலை?"

"சரி, சும்மா தொலைஞ்சு போச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எங்கேர்ந்து விழுந்துதுன்னு சொன்னாத்தானே சார் எங்க தேடறதுன்னு தெரியும்?"

 அதற்குள் மலை ஊர் வண்டி தடத்துக்கு வந்துவிட்டது. அக்கா மைக் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் அறைக் கதவைத் தட்டியது மீசை டிரைவர். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "மலை ஊர் வண்டியைக் கழுவறப்ப கூரை மேல ஏறினேன். சாமான் கட்டற தார்ப்பாய் மடிப்புக்குள்ள இது படுத்திருந்துது. டிக்கெட் எடுக்காம மலைக்குப் போய்ப் போய் வந்திருக்கு உங்க சைலன்சர்."

அக்கா அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தத் தடவை கெட்டியா மாட்டுங்கக்கா," என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். "எங்க தூக்கம் அதுலதான் இருக்கு."

வீட்டுக்கு வந்த கையோடு, கடையில் விற்கும் பசைகளில் கெட்டியானதைக் குழைத்து, முறிந்த கழுத்தையும் உடலையும் சேர்த்து ஒட்டினாள். மறுநாள் காலை காய்ந்ததும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கொல்லையில் விமானத்தைக் கட்டிவைத்து எஞ்சினைக் கிளப்பியபோது பசை முதலில் நெளிந்தது, பிறகு புகைந்தது. சைலன்சர் தலையைத் தொங்கப்போட்டது. அவசரமாக எஞ்சினை நிறுத்தினாள்.

கொட்டகையிலிருந்து குரல் வந்தது. "பசையா?"

"ஆமா."

"எஞ்சின் சூட்டுக்குப் பசை தாங்குமா?"

"தெரிஞ்சவங்க தொட மாட்டேன்னு உக்காந்துட்டா, தெரியாதவங்க பசைதான் தடவணும்."

மெக்கானிக் கொட்டகை வாசலுக்கு வந்தார். "தொட மாட்டேன்னுதான் சொன்னேன். வாயைத் தெறக்க மாட்டேன்னு சொல்லலையே?" என்றார்.

அப்படித்தான் அந்தப் பகல் ஆரம்பமானது. மெக்கானிக் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கைகள் இரண்டையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டார், எங்கே தம் பேச்சை மீறிப் போய்விடுமோ என்று. அக்கா மேசைக்கு முன்னால் நின்றாள். ஃபிரிட்ஜின் அலுமினியக் குழாய் ஓட்டையானால் அவர் ஒரு பற்றுக்கம்பியை உருக்கித்தான் அடைப்பார். அதே வித்தைதான் இதற்கும்.

"மொதல்ல பசையைச் சுரண்டி எடு. எண்ணெய் ஊறிப்போயிருக்கும், சோப்புத் தண்ணியில கொதிக்கவை. அப்புறம் கம்பி பிரஷ்ஷால பளபளன்னு தேய். அழுக்கு ஒரு பொட்டு இருந்தாலும் ஒட்டாது."

தேய்த்தாள். உடனே சைலன்சரில் கைவைக்க அவர் விடவில்லை. ஓரத்தில் கிடந்த பழைய குழாய்த் துண்டில் பழகச் சொன்னார். அக்கா உலோகம் பற்றவைக்கும் கேஸ் விளக்கின் நீலத் தீயைக் காட்டிக்கொண்டே நின்றாள். குழாய் நிறம் மாறவே இல்லை. இன்னும் சூடேறவில்லை போலிருக்கிறது என்று தீயைக் கிட்டே கொண்டுபோனாள். குழாய் அப்படியே கரைந்து மேசையில் சொட்டியது.

"இரும்பு மாதிரி இது செவந்து காட்டாது," என்றார் மெக்கானிக். "ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். பொசுக்குனு கவுந்துடும்."

"உங்களை மாதிரின்னு சொல்லுங்க."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வாளி ஆடியது. "பத்த வைக்கிறப்ப சிரிக்க வைக்காதே! கம்பியைத் தீயில காட்டாதே, சூடான இடத்துல தொட்டுப் பாரு. உருகினா நேரம் வந்துட்டுதுன்னு அர்த்தம். உடனே தீயை வெலக்கு."

இன்னும் சில துண்டுகள் பாழாயின. அதற்கப்புறம் ஒன்று சரியாக ஒட்டிக்கொண்டது. அக்கா அதை முறுக்கிப் பார்த்தாள், அசையவில்லை. இப்போது அசல் சைலன்சர். ஓட்டை அடைபடாமல் இருக்க உள்ளே ஓர் இரும்பு ஆணியைச் செருகி, இரண்டு துண்டுகளையும் மெல்லிய கம்பியால் கட்டி நிறுத்தினாள்.  தீயைக் காட்டினாள், பற்றுக்கம்பியால் தொட்டாள், காத்திருந்தாள், மறுபடி தொட்டாள். கம்பி நுனி வெள்ளியாக உருகி முறிந்த கோட்டுக்குள் ஓடியது.

அந்த நேரம் பார்த்து, கட்டியிருந்த கம்பி தளர்ந்து சைலன்சர் ஒருபக்கம் சாய்ந்தது. "ஏங்க!" என்று அலறினாள் அக்கா. வாளி உருண்டது. மறுகணம் மெக்கானிக்கின் இடுக்கி சைலன்சரை நிமிர்த்திப் பிடித்திருந்தது. உலோகம் இறுகும்வரை அவர் பிடியைத் தளர்த்தவில்லை.

"தொட்டுட்டீங்க," என்றாள் அக்கா மெதுவாக.

"நான் எங்க தொட்டேன்? இடுக்கிதான் தொட்டுது."

அதோடு அவர் ஒதுங்கியிருந்தால் சரி. ஆறியதும், கேட்காமலே சோப்பு நுரையைக் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆணியை உருவிவிட்டு, சைலன்சரின் ஒரு வாயை விரலால் அடைத்துக்கொண்டு மற்றதில் ஊதச் சொன்னார். ஒட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் குமிழி எழும்பியது. அக்காவுக்கு அது போதுமானதாகப் பட்டது. "கசிவு கசிவுதான்," என்றார் அவர். அக்கா மறுபடி தேய்த்து, மறுபடி பற்றவைத்தாள். இந்தத் தடவை கன்னம் வலிக்க ஊதியும் குமிழி வரவில்லை. ஒட்டின இடம் என்னவோ கரடுமுரடாக, தழும்பு போல்தான் இருந்தது. அதை அவள் அராவவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு மெக்கானிக்கும் வந்தார். தலையில் ஸ்கூட்டர் ஹெல்மெட். யார் சொல்லியும் கழற்றவில்லை. டிரைவர்கள் சிலர் தூக்கத்தை விட்டுவிட்டு, தூங்க முடியுமா என்று பார்க்க வந்து நின்றார்கள். அக்கா எஞ்சினைக் கிளப்பினாள். பழைய முனகல்தான், அதற்குமேல் ஒரு சத்தமில்லை. விமானம் புல்லை விட்டு எழும்பி, பணிமனைக் கூரைக்கு மேலே ஏறி, வெயிலில் ஒரு பக்கம் மின்னித் திரும்பியது. மீசை டிரைவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் கேட்டுவிட்டு, "போய்ப் படுக்கலாம்ப்பா," என்றார். ஆனால் அவரே போகவில்லை.

எரிபொருள் தீரும்வரை ஓட்டிவிட்டு அக்கா விமானத்தை இறக்கினாள். அது ஒரு புதரில் போய் உட்கார்ந்தது. ஓடிப்போய் எடுத்தாள். இறக்கையில் ஒரு கீறல், சைலன்சர் அசையாமல் இருந்தது. சூடு ஆறட்டும் என்று அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மெக்கானிக் ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா," என்றார், "இதுல ரெண்டு எஞ்சின் மாட்டினா எப்படி இருக்கும்?"

"ஏங்க, மொதல்ல இந்த ஒண்ணைப் புதர்ல விடாம எறக்கப் பழகிக்கறேன்."

"அதுவும் சரிதான்," என்றார் அவர். ஆனால் வழியெல்லாம் ரெண்டு எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.