மாமரத்துக்கு ஜாமீன்

யுத்த காலம். மதுரையில் ஒரு பத்திரிகைக்குக் கோர்ட் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். கார்த்திகையில் லீவில் அனுமந்தன்பட்டிக்கு வந்தபோது, வாய்க்கால் ஓரத்து மாமரத்தை வெட்டிவிட அண்ணன் முடிவு செய்திருந்தார். நாலு வருஷமாக அது பூக்கவில்லை. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய நாட்கள் அவை. கரிமூட்டம் போடுகிறவர்கள் எந்த மரத்தையும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

முதலில் மரத்தை மிரட்டிப் பார்க்கச் சொன்னார் அம்மா. எங்கள் பக்கத்தில் அது வழக்கம். காய்க்காத மரத்தின் முன்னால் ஒருவர் கோடாலியோடு நின்று, வெட்டப்போவதாகச் சொல்லி ஒரு கொத்துக் கொத்துவார். இன்னொருவர் மரத்துக்காகக் கெஞ்சித் தவணை கேட்பார். கெஞ்சுகிற வேலை எனக்கு வந்தது.

"ஆத்தா, மரத்துக்குக் காது கிடையாது" என்றேன்.

"காது இல்லாட்டிப் போகுது. பயம் இருக்குல்ல?"

மதினி எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு வருஷம். பிள்ளை இல்லை. அண்ணனுக்குக் கெங்குவார்பட்டியில் இன்னொரு பெண் பார்க்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அது மதினிக்கும் தெரியும்.

"வருசம் பூரா தண்ணி குடிக்கிற, ஒரு பிஞ்சு குடுத்தியா? வெட்டிப்புடுவேன்" என்று சொல்லி அண்ணன் கொத்தினார். பட்டை பிளந்து பால் கசிந்தது. என் முறை. எனக்குப் பேச்சு வரவில்லை. வேடிக்கையாகச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை.

"பேப்பர்ல பக்கம் பக்கமா எழுதுறான். ஒரு மரத்துகிட்டப் பேச வாய் வரல" என்று அண்ணன் மறுபடி ஓங்கினார். வழக்கப்படி ஒரு கொத்துதான். இது நடிப்பா, நிஜமாகவே வெட்டப்போகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

கஞ்சிக் கலயத்தோடு வந்த மதினி அதைக் கீழே வைத்தார்.

"வெட்டாதீக. ஒரு வருசம் பொறுங்க. காய்க்கும்."

சத்தமாகச் சொல்லவில்லை. அப்போது எங்களில் யாரும் மரத்தைப் பார்க்கவில்லை.

"யாரு ஜாமீன்?" என்றார் அம்மா. அதுவும் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். "நான்" என்றேன். கோர்ட்டில் ஓடிப்போகக்கூடியவர்களுக்குத்தான் ஜாமீன் கேட்பார்கள்.

தையில் மரம் பூத்தது. பட்டையில் வெட்டு விழுந்தால் இலையின் சத்து வேருக்கு இறங்காது, அதனால் பூக்கும் என்று விவசாய இலாகாவில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் விளக்கினார். நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் கொத்து விழுந்தது கிழக்குப் பக்கம். காய் அதிகம் பிடித்தது மேற்குக் கிளையில்.

அடுத்த கார்த்திகையில் மறுபடி ஊருக்குப் போனேன். "மரம் சொன்ன சொல்லக் காப்பாத்திருச்சு" என்றார் அம்மா. கையோடு, பெண் பார்க்கக் கெங்குவார்பட்டிக்கு வண்டி பூட்டச் சொன்னார். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியது மதினிதான்.

நுகத்தடியில் மாடுகளைப் பூட்டிவிட்டு அண்ணன் என்னிடம் வந்தார்.

"ஏலே, அன்னைக்கு நீ யாருக்கு ஜாமீன் நின்ன?"

மரத்துக்கு என்றால் கெடு தீர்ந்தது, வண்டி கிளம்பலாம். மதினிக்கு என்றால், இன்னும் பிள்ளை இல்லை, நான் ஜாமீன் தவறியவன். எது உண்மை என்று தெரியாமலே, "மதினிக்கு" என்றேன். "இன்னொரு தவணை குடுங்கண்ணே."

அண்ணன் வண்டிப் பக்கம் திரும்பிப் போனார். பிறகு மாடுகளை அவிழ்த்துக் கட்டினார்.

அந்த லீவு முடியும்வரை அம்மா என்னோடு பேசவில்லை. மதினியும் பேசவில்லை. அவரையும் ஒரு மரமாக வைத்து நான் பேசிவிட்டதாக நினைத்தாரோ என்னவோ, கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.